சதுப்பில் முளைத்த மலை

சிபாயிஷ் சதுப்பில் எருமைக்கன்று செத்தால் உட்கார்ந்து அழ நேரம் கிடையாது. உடம்பு விறைப்பதற்குள் தோலை உரித்தாக வேண்டும். உரித்த தோலுக்குள் காய்ந்த நாணலைத் திணித்து, வயிற்றைத் தைத்து, நாலு குச்சியைக் கால்களாக ஊன்றி, முதுகில் உப்பைத் தேய்த்துத் தாயின் முன்னால் நிறுத்த வேண்டும். தாய் மோந்து பார்க்கும், நக்கும், ஏமாறும், மடி சுரக்கும். ஏமாறாத எருமைக்கு நாலே நாளில் பால் வற்றிவிடும். பால் வற்றினால் கெய்மர் ஏது? காலையில் ஊரே ரொட்டியில் தடவி, மேலே பேரீச்சம் பாகை ஊற்றித் தின்கிற அந்தக் கெட்டிப் பாலாடைதான் அங்கே எருமை வளர்க்கிறவர்களின் அடுப்பை எரிய வைக்கிறது.

திஸ்வாஹின் இதுவரை ஒன்பது தோல்கன்றுகள் தைத்திருக்கிறாள். வயது நாற்பத்தெட்டு. வரிசையாக நாலு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதாக வந்து விழுந்தவளுக்கு, ‘எல்லாரையும் ஈடுகட்டுகிறவள்’ என்று பொருள்படும் பேரை வைத்துத் தகப்பன் மனசைத் தேற்றிக்கொண்டார். பேருக்குக் குறை வைக்காமல் அவளும் விடியுமுன் ஏழு எருமைகளைக் கறந்து, வறட்டித் தீயில் பாலை ஏற்றி, மறுநாள் ஆடையை மடித்தெடுத்துத் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் லஃப்தா படகு தள்ளுவான், நாணல் அறுப்பான், மற்றபடி வாயைத் திறக்க மாட்டான். மகன் ஹாதி பஸ்ராவில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் காவல் வேலைக்குப் போய்விட்டான்.

அந்த வருஷம் தண்ணீர் வரவில்லை. வந்ததும் உப்பாக வந்தது. நாணல் இடுப்பளவோடு நின்று மஞ்சளடித்தது. எருமைகளுக்குத் தவிடு வாங்கித்தான் போட வேண்டியிருந்தது. வெட்டுமாட்டு வியாபாரி வாரத்துக்கு ஒரு தடவை படகில் வந்து, சும்மா நலம் விசாரிப்பதுபோல எருமைகளின் விலாவைப் பார்த்துவிட்டுப் போவான். சந்தையில் ரெண்டு வாரம் கெய்மர் விற்காவிட்டால் ஒன்றிரண்டை அவன் கயிற்றில் கட்டித்தான் அனுப்பியாக வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் ரும்மானாவின் கன்று பிறந்த பதினொன்றாம் நாள் கழிந்து கழிந்து செத்தது. ஏழிலும் பால் கூடியவள் ரும்மானா. திஸ்வாஹின் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

மறுநாள், தோல்கன்றுக்கு அவள் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நகரத்திலிருந்து சதுப்பு பார்க்க வந்த நாலு பேர் படகை ஒதுக்கினார்கள். வந்தவர்களுக்கு ரொட்டியும் தேநீரும் கொடுப்பது முறை, கொடுத்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் படம் எடுக்கலாமா என்று கேட்டான். முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். அவன் தேநீருக்கு மூன்று கரண்டி சர்க்கரை கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. என்ன எடுத்தான் என்பதை யார் கவனித்தார்கள்?

மூன்றாம் நாள் ஹாஜி உபைதின் காலைச் சாப்பாட்டுக் கடையில் தட்டை இறக்கியபோது ஹாஜி துணியைப் பிரிக்கவில்லை. இருபது வருஷமாக அவளிடம் வாங்குகிறவர். தாடியைச் சொறிந்துகொண்டே செல்போனை எடுத்து நீட்டினார். அவளுடைய கை. வெள்ளைப் பொடி. செத்த கன்றின் முகம். அடுத்து பால் பானை. பின்னால் சாவு வீட்டுப் பாட்டு போல ஒன்று. மொத்தம் இருபத்திரண்டு வினாடி. மேலே ஓடிய சிவப்பு எழுத்துகளை அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஹாஜிதான் படித்துச் சொன்னார். நோயில் செத்த கன்று, அதன் மேல் ரகசியப் பொடி, இதைத்தான் தினமும் காலையில் தின்கிறீர்கள் என்று இருந்தது.

“அது உப்பு, ஹாஜி.”

“எனக்குத் தெரியாதாம்மா? உங்கம்மா தச்ச கன்னையும் பார்த்தவன் நான். திங்க வர்றவனுக்குத் தெரியணுமே.”

அன்று தட்டு அப்படியே திரும்பியது. அடுத்த நாளும் திரும்பியது. அவளுடையது மட்டுமில்லை, அந்தக் கரையிலிருந்து வருகிற எல்லாப் பெண்களுடையதும். அவர்கள் அவளைத் திட்டவில்லை, ஆனால் படகில் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கெய்மரை உருக்கி நெய்யாக்கினாள். நெய்யை வாங்கவும் ஆளில்லை.

லஃப்தாவின் தம்பி மிஸ்பானைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். படகு மோட்டார் பழுது பார்ப்பது அவன் தொழில். ஆனால் பொழுதில் பாதி கரைமேட்டில்தான் போகும், அங்கேதான் செல்போனுக்குச் சமிக்ஞை கிடைக்கும். ஊரில் எது நடந்தாலும் அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். வெளியூர்த் தக்காளி தின்றால் பிள்ளை பிறக்காது என்று போன வருஷம் அவன்தான் நூறு பேருக்கு அனுப்பினான். அதை நம்பி லஃப்தா ஒரு மாசம் தக்காளி தொடவில்லை. ஐம்பத்தைந்து வயதில் அது கொஞ்சம் தாமதமான எச்சரிக்கை என்று திஸ்வாஹின் சொல்லிக்கொண்டே சமைத்தாள். ஆனாலும் குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருக்கிறவன். சாயங்காலம் வந்து, உலகம் தங்களைப் பற்றி என்ன பேசுகிறது என்று படித்துக் காட்டுவான். எதைப் படித்தான், எதை விட்டான் என்று யாருக்குத் தெரியும்? அவன் வாய்தான் அவளுக்கு உலகம்.

லஃப்தா கூப்பிட்டு மாவட்டக் கால்நடை டாக்டர் ஒரு நாள் வந்தாள். சின்ன வயசுக்காரி, படகில் ஏறி இறங்கிக் காலெல்லாம் சேறு. மற்ற எருமைகளுக்கு நோய் எதுவும் தெரியவில்லை, பாலில் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தாள். கன்று ஏன் செத்தது என்று மிஸ்பான் கேட்டான். சொல்ல முடியாது என்றாள். தண்ணீர் உப்பு, குடற்புழுவாகவும் இருக்கலாம், தோலை உரித்து மிச்சத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டால் எதை வைத்துச் சொல்வது? பிறகு திஸ்வாஹினைப் பார்த்து, கன்று சீம்பால் நன்றாகக் குடித்ததா என்று கேட்டாள்.

“குடிச்சுது. எப்பவும்போல” என்றாள் திஸ்வாஹின்.

அது பொய். ஹாதிக்கு வேலை கிடைத்தால் அடுத்த ஈற்றுச் சீம்பாலைப் புனிதர் அப்பாஸின் பேரில் ஏழு வீட்டுக்குக் கொடுப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். ஏழு வீட்டுக்கும் நிறைவாகப் போக வேண்டும் என்று மூன்று நாளும் ஒட்டக் கறந்தாள். கன்று காலியான காம்பைச் சப்பிக்கொண்டு நின்றதை அவளே பார்த்தாள். நேர்ச்சைப் பாலுக்குக் கன்று பொறுத்துக்கொள்ளும் என்றுதான் அங்கே எல்லாரும் சொல்வார்கள். அவளும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள், கன்று பொறுக்கவில்லை.

தெரியாது என்று சொல்லவா படித்தீர்கள் என்று மிஸ்பான் டாக்டரைக் கேட்டான். அவள் சிரித்துவிட்டு, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல் இருக்கத்தான் ரொம்ப வருஷம் படிக்க வேண்டியிருந்தது என்று சொல்லிப் படகேறினாள். அவள் எழுதிக் கொடுத்த தாளை மிஸ்பான் படம் பிடித்துப் போட்டான். பதினொரு பேர் பார்த்தார்கள். அதில் ரெண்டு பேர், எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

மறுநாள் மிஸ்பான் வேறொன்றைப் போட்டான். எதிர்க்கரை மீன்காரன் கத்பான் இரவில் தண்ணீரில் விஷம் ஊற்றி மீன் பிடிக்கிறான், அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் ஏழை விதவை போல வாழும் ஒரு பெண்ணின் கன்று செத்தது, இதை என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருந்தான். கூடவே ஒரு படம். நூற்றுக்கணக்கான மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லஃப்தா, தான் உயிரோடு இருக்கும்போது அவள் எப்படி விதவை என்று மெதுவாகக் கேட்டான். ‘விதவை போல’ என்றுதான் எழுதியிருப்பதாக மிஸ்பான் விளக்கினான்.

கத்பான் என்றால் கோபக்காரன் என்று பொருள். பேரை வைத்தவர்கள் ஆளைப் பார்த்து வைக்கவில்லை, ஊரிலேயே சாது அவன்தான். ஆனால் சதுப்பில் விஷம் ஊற்றுகிற மீன்காரர்கள் இருக்கத்தான் செய்தார்கள். கத்பானும் மீன்காரன். ரெண்டையும் சேர்த்துவிட்டால் மூன்றாவது தானாக வந்துவிடுகிறது.

ரெண்டே நாளில் காற்று திரும்பியது. எட்டாயிரம் பேர் அதை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள் என்று மிஸ்பான் சொன்னான். நேற்றுவரை அவளை விஷக்காரி என்றவர்களே இப்போது பாவப்பட்ட தாய் என்றார்கள். ஹாஜி உபைத் தட்டைப் பிரித்து வாங்கினார். நஸிரியாவிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து அவளுடைய கெய்மரைக் கேட்டுத் தின்றது. திஸ்வாஹினுக்குச் சந்தோஷமாக இருந்தது. தட்டு விற்றதற்காக மட்டுமில்லை. கன்று உன் கையால் சாகவில்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்துக் கிடந்த மனசு, எட்டாயிரம் பேர் சொன்னதும் அப்படியே சாய்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் காலை, கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் செல்போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, இந்தப் பாவிகளைச் சும்மா விடக்கூடாது என்று அந்தப் படத்தைக் காட்டினார். அதுவரை அவள் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை. மீன்களைப் பார்த்தாள். மீன்களுக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீருக்குப் பின்னால் ஒரு மலை நின்றது. உச்சியில் வெள்ளையாகப் பனி.

சிபாயிஷில் பிறந்து வளர்ந்த அவள் நின்ற உயரமான இடம் கரைமேடுதான். அந்த ஊரில் எருமை படுத்தால் அதுதான் குன்று.

சாப்பிட்டவர் போனதும் ஹாஜியிடம் கேட்டாள். அவரும் பார்த்திருந்தார்.

“பார்த்துட்டுமா சும்மா இருந்தீங்க?”

“ஒருத்தன் கேட்டான்மா. நம்ம சதுப்புல மலை எப்பய்யா முளைச்சுதுன்னு. அவன் யாரு, எவன்கிட்ட காசு வாங்குனான், அவன் அம்மா யாருன்னு முந்நூறு பேரு எழுதியிருக்கான். எனக்குக் கடை இருக்கு. உனக்கும் தட்டு விக்குது. விடு.”

விட்டுவிட அவளால் முடியவில்லை. சாயங்காலம் மிஸ்பான் வந்து உட்கார்ந்ததும், தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள்.

“அந்தப் படத்துல மலை இருக்கே?”

“இருந்தா என்ன மதினி? படம் வேற ஊராக்கூட இருக்கட்டும். விஷயம் நெசம்தானே?”

“நீ கண்ணால பார்த்தியா?”

“பார்க்கிற மாதிரியா ஊத்துவான் அவன்? கள்ளன் ஊரைக் கூட்டி வச்சா களவாடுவான்?”

“பார்த்தா, அவன் ஊத்துனான். பார்க்கலேன்னா, மறைச்சு ஊத்துனான். அப்ப என்ன நடந்தா அவன் ஊத்தலேன்னு நீ ஒத்துக்குவே?”

மிஸ்பான் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தான். தாம் தூம் என்று குதிக்கிறவன் அன்று குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். “தட்டு திரும்பி வந்தப்ப யாரு மதினி நமக்காகப் பேசுனா? டாக்டர் தாளை எத்தனை பேரு படிச்சான்? நான் உங்களைக் காப்பாத்தியிருக்கேன். இப்ப நீங்களே அதைக் குழி தோண்டிப் புதைச்சா, ரும்மானாவை வெட்டுக்குத்தான் அனுப்பணும். யோசிச்சுக்கங்க.”

அவன் போன பிறகு அவள் லஃப்தாவிடம் சீம்பால் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது அழுதாள், கன்று செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. லஃப்தா கயிறு முறுக்குவதை நிறுத்தவில்லை.

“தெரியும். ஏழு வீட்டுக்கும் நான்தானே படகுல கொண்டுபோய்க் குடுத்தேன். நானும் வாயைத் திறக்கலையே” என்றான்.

இவ்வளவு பேசியும் மறுநாள் அவள் சந்தையில் எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. தட்டு விற்றது, தவிடு வந்தது. எதிர்க்கரையில் கத்பானின் மீனை யாரும் வாங்கவில்லை என்று படகில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாளைக்குச் சொல்லலாம், தானாகவே அடங்கிவிடும், மிஸ்பான் எழுதியதற்கு நான் என்ன செய்வேன் என்று மனசுக்குள் ஆயிரம் சமாதானம்.

ஆறாம் நாள் சந்தைக்குள் நுழையும்போதே செய்தி காத்திருந்தது. ராத்திரி யாரோ கத்பானின் நாணல் கொட்டகைக்குத் தீ வைத்துவிட்டார்கள். ஐந்து வலையும் சாம்பல். வெளியூர் ஆட்கள் என்றார்கள் சிலர். நல்லது என்றார்கள் சிலர். ஹாஜியின் கடையில் அன்று நல்ல கூட்டம், அவளைக் கண்டதும் ரெண்டு மூன்று பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அவள் தட்டை இறக்காமலே நின்றாள்.

“புடிச்சுக்குங்க. நல்லா தெரியுற மாதிரி புடிச்சுக்குங்க” என்றாள். “நான் திஸ்வாஹின். அந்தக் கை என் கை. அந்தப் பொடி உப்பு. கன்னு செத்தது நெசம். ஏன் செத்துதுன்னு எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியல. நேர்ச்சைக்காகச் சீம்பாலை நான் ஒட்டக் கறந்துட்டேன், அதனால இருக்கலாம். தண்ணி உப்பு, அதனாலயும் இருக்கலாம். கத்பான் விஷம் ஊத்துனதை எங்க வீட்ல யாரும் பார்க்கல. அந்தப் படம் நம்ம ஊரே இல்ல. பின்னால மலை நிக்குது, பாருங்க.”

கடையில் எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள். கத்பானின் ஆட்கள் மிரட்டியிருப்பார்கள் என்றது ஒரு மேசை. அவளே ஒத்துக்கொண்டாள், கன்றைக் கொன்றவள் அவள்தான் என்றது இன்னொரு மேசை. எதை நம்பினோம், எதை நம்பவில்லை என்று ஒருத்தரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. முதலில் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கேயே உட்கார்ந்துகொண்டு, அவள் சொன்னதிலிருந்து தங்களுக்கு வேண்டிய துண்டைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும் செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அட, மலைதான்” என்றார்.

அன்று ஹாஜி பாதித் தட்டு எடுத்தார். அடுத்த நாள் கால் தட்டு. மிஸ்பான் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். வாரக் கடைசியில் வெட்டுமாட்டு வியாபாரி வந்தபோது லஃப்தா கிழட்டு எருமை ஒன்றை அவிழ்த்துக் கொடுத்தான். அது படகில் ஏற மறுத்தது, திஸ்வாஹின் போய்க் கூப்பிட்டதும் அவள் பின்னால் ஏறியது. அதற்குப் பிறகு ரெண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறு வாரம் ஒரு மத்தியானம் கத்பான் வந்தான். படகைக் கட்டிவிட்டு மேட்டில் ஏறினான், உட்காரவில்லை. லஃப்தா தேநீர் ஊற்றினான், அதையும் வாங்கவில்லை.

“நீ கடையில சொன்னதைக் கேட்டேன், உம் ஹாதி” என்றான். மகன் பேரைச் சேர்த்து ‘ஹாதியின் அம்மா’ என்று கூப்பிடுவது அங்கே மரியாதை. “அதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி என் வலை எரிஞ்சிருச்சு.”

“நாலு மணி நேரம் இல்ல கத்பான். மலையை நான் மூணு நாளைக்கு முன்னாடியே பார்த்துட்டேன். தட்டு வித்துச்சு, சும்மா இருந்துட்டேன்.”

அவன் அவளையே பார்த்தான்.

“அதுக்கு முன்னாடி? மிஸ்பான் எழுதுனதை நம்புனியா?”

“நம்புனேன். உன்னை முப்பது வருஷமா தெரியும், இருந்தும் நம்புனேன். நம்புனா கன்னு என்னால சாகலேன்னு ஆச்சு. எனக்கு அது வசதியா இருந்துச்சு.”

லஃப்தா தலையைக் குனிந்துகொண்டான். கத்பான் கோபப்படுவான் என்று ரெண்டு பேரும் காத்திருந்தார்கள். அவன் தரையில் உட்கார்ந்தான், தேநீரை எடுத்துக்கொண்டான், குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

“அந்தப் பொடி வீடியோ வந்துச்சே, முதல்ல வந்தது. அதை நான் மூணு பேருக்கு அனுப்புனேன்.”

திஸ்வாஹினுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“எங்க வீட்லயும் எருமை இருந்துச்சு, உம் ஹாதி. நாலு தோல்கன்னு பார்த்து வளர்ந்தவன் நான். உப்புன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அந்தப் பாட்டும் செவப்பு எழுத்துமா வந்தப்ப, ஒருவேளை இவங்க வேற ஏதோ போடுறாங்களோன்னு தோணிப்போச்சு. ஒரு கூப்பிடு தூரம். படகை எடுத்து வந்து கேட்டிருக்கலாம். கேக்கல. மூணு பேருக்கு அனுப்புனேன். அதுல ஒருத்தன் உங்க மிஸ்பான்.”

“மிஸ்பானுக்கா?”

“அவனுக்குத்தான். உடனே என்னைத் திட்டி அனுப்புனான். உன்னைப் பார்த்துக்கிறேன்னு சொன்னான். பார்த்துக்கிட்டான்.”

லஃப்தா தலையை நிமிர்த்தி, “அப்ப கன்னுக்காக எழுதல அவன்” என்றான்.

ரும்மானா தண்ணீரிலிருந்து எழுந்து வந்து மேட்டோரம் நின்று கத்தியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திஸ்வாஹினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எழுந்து போய் நாலு வறட்டியைத் திருப்பிப் போட்டாள். திரும்பி வந்தபோது அவன் இன்னும் அதே இடத்தில், ஆறிப்போன தேநீரோடு இருந்தான். சொல்லாமலே விட்டிருக்கலாம் அவன், யாருக்கும் தெரிந்திருக்காது.

“மத்த ரெண்டு பேரு யாரு?” என்று கேட்டாள்.

ஒருவன் கிழக்குக் கரையில் தான் பெண் கொடுத்த சம்பந்தி, இன்னொருவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன் என்றான் கத்பான். அந்த ரெண்டு பேரும் எத்தனை பேருக்கு அனுப்பினார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

“போய்க் கேப்போம்” என்றாள்.

“எல்லாரையும் எப்படிப் போய்க் கேக்கிறது? இது எங்க போய் முடியும்?”

“முடியாது. இந்த ரெண்டு வீட்டுக்குப் போலாம்.”

லஃப்தா ஏற்கெனவே எழுந்து படகுக்கோலை எடுத்துவிட்டான். வெயில் கொளுத்தியது, எதிர்க்காற்று வேறு. தண்ணீர் இறங்கிப்போயிருந்ததால் பாதி வழி இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. மூன்று பேரும் சேற்றில் நின்று தள்ளினார்கள். கிழக்குக் கரையின் முதல் வீடு தெரிந்தபோது நாய் குரைத்தது. வாசலுக்கு ஒரு ஆள் வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, வருகிறவர்கள் யார் என்று பார்த்தான். கத்பானும் திஸ்வாஹினும் ஒரே படகில் வருவதைக் கண்டதும் கையை இறக்கிவிட்டான்.

என்ன சொல்லித் தொடங்குவது என்று திஸ்வாஹினுக்குப் பிடிபடவில்லை. உப்பிலிருந்தா, சீம்பாலிலிருந்தா?

“நான் முதல்ல சொல்லிடுறேன்” என்றான் கத்பான். “விசாரிக்காம உனக்கு அனுப்புனது நான்னு.”

படகு தரை தட்டியது. அவன்தான் முதலில் இறங்கினான்.